சட்ட நூலகர் ஆவது எப்படி? மேற்படிப்பு முதல் பணி வளர்ச்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சட்ட நூலகத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சட்டமும் படிக்க வேண்டுமா, நூலக அறிவியல் மட்டும் போதுமா? இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். எந்த மாதிரி நூலகத்தில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பட்டம் என்பது முடிவாகும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். மூன்று வருடமும் பெரிய கல்விக்கடனும் போன பிறகு, தாங்கள் விரும்பிய வேலைக்கு அந்தப் பட்டத்தை யாருமே கேட்கவில்லை என்பது தெரிய வருகிறது. அதனால் இங்கே வேலையில் தொடங்கிப் பட்டத்துக்கு வருவோம்.

இந்தத் துறைக்கான மேற்படிப்புப் பாதை மிகத் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கும் நாடு அமெரிக்கா. அமெரிக்கச் சட்ட நூலகர் சங்கம் (சுருக்கமாக ஏ.ஏ.எல்.எல்.) 1906-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய சட்ட நூலகமும் அங்கேதான், வாஷிங்டனில் இருக்கிறது: 1832-ல் காங்கிரஸ் நூலகத்தின் ஒரு பிரிவாக உருவான காங்கிரஸ் சட்ட நூலகம். ஆகவே அமெரிக்க நடைமுறையை மையமாக வைத்துக்கொண்டு, மற்ற நாடுகளில் எங்கே மாறுகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: வேலை உண்மையில் என்ன என்று பாருங்கள்

புத்தகம் அடுக்குவதும் இரவல் கொடுப்பதும் இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. கேள்விக்குப் பதில் தேடுவதுதான் நாள் முழுக்க நடக்கும். எப்படிப்பட்ட கேள்வி என்று ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்.

ஒரு வழக்கறிஞர் வந்து, "இந்த மத்தியச் சட்டப் பிரிவு 1998 மார்ச்சில் எப்படி இருந்தது? சம்பவம் நடந்தது அப்போதுதான்" என்று கேட்கிறார். இன்று இணையத்தில் கிடைப்பது இன்றைய வாசகம். நடுவில் எத்தனை திருத்தம் வந்ததோ தெரியாது. நூலகர் அந்தப் பிரிவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரலாற்றுக் குறிப்புக்குப் போவார். அதை இயற்றிய சட்டத்தின் எண், தேதி, பிறகு வந்த ஒவ்வொரு திருத்தச் சட்டத்தின் எண், நாடாளுமன்றச் சட்டங்கள் கால வரிசையில் அச்சாகும் தொகுதியில் அதன் பக்கம், எல்லாம் அங்கே இருக்கும். 1998-க்குப் பிறகு வந்த திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும். அதோடு விடக் கூடாது. திருத்தம் நிறைவேறிய தேதி வேறு, அமலுக்கு வந்த தேதி வேறாக இருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சரிபார்க்க, அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 1994-ஆம் ஆண்டுப் பதிப்பையும் அதன் ஆண்டுத் துணைத்தொகுதிகளையும் எடுப்பார். இந்தத் தொகுப்பு ஆறு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சாகும். பழைய பதிப்புகளின் பக்கப் படங்கள் ஹைன்ஆன்லைன் போன்ற தரவுத்தளங்களில் இருக்கின்றன. வழக்கறிஞர் கேட்டது ஒரு பத்தி வாசகம்தான். அந்த ஒரு பத்தி தவறாகப் போனால் வாதம் மொத்தமும் சரிந்துவிடும்.

இன்னொரு காட்சி, மாவட்டச் சட்ட நூலகத்தில். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வருகிறார். வக்கீல் வைக்க வசதி இல்லை. பதில் மனு கொடுக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நூலகர் அவருக்கு எந்தச் சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றப் படிவம், எந்தச் சுய உதவிக் கையேடு, இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் எடுத்துக் காட்டலாம். "நீங்கள் இந்த வாதத்தை வையுங்கள்" என்று மட்டும் சொல்லக் கூடாது. அனுமதியின்றி வழக்கறிஞர் தொழில் செய்தல் என்பது மாநிலச் சட்டங்களின்படி தடை செய்யப்பட்டது. தகவலுக்கும் ஆலோசனைக்கும் நடுவே இருக்கும் கோட்டைத் தாண்டாமல், அதே சமயம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பது ஒரு தனித் திறமை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிகக் கடினமான பகுதி இதுதான், மிக மதிப்புள்ள பகுதியும் இதுதான்.

இந்த இரண்டையும் படித்தபோது உங்களுக்குள் ஆர்வம் எழுந்தால் மேலே படியுங்கள். முதல் காட்சியில் சலிப்பு வந்திருந்தால் இப்போதே யோசிப்பது நல்லது. பட்டம் வாங்கிய பிறகும் வேலை அதேதான்.

படி 2: எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

பெரிதாக மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது சட்டக் கல்லூரி நூலகம். இங்கே நூலகர் பாதி ஆசிரியர். முதலாண்டு மாணவர்களுக்குச் சட்ட ஆராய்ச்சி கற்பிப்பது, பேராசிரியர்களின் ஆய்வுக்குத் தேடித் தருவது, மாணவர் ஆய்விதழ்களின் மேற்கோள்களைச் சரிபார்க்க உதவுவது என்று வேலை ஓடும். வருகிறவர்களின் கேள்விகளுக்குத் தேடிப் பதில் தரும் ரெஃபரன்ஸ் பிரிவுப் பணிகளுக்குச் சட்டம், நூலக அறிவியல் என்ற இரண்டு பட்டமும் கேட்பது இங்கே பரவலான வழக்கம். ஏறக்குறைய எல்லா நூலக இயக்குநர்களும் இரண்டும் வைத்திருப்பவர்கள். பெரும்பாலும் சட்டப் பேராசிரியர் பதவியும் சேர்த்து வகிப்பவர்கள்.

இரண்டாவது சட்ட நிறுவனங்கள். பல நிறுவனங்களில் "நூலகர்" என்ற பெயரே இப்போது இருக்காது. ஆராய்ச்சிப் பகுப்பாய்வாளர், அறிவு மேலாண்மை அலுவலர், போட்டித் தகவல் ஆய்வாளர் என்று பதவிகள் இருக்கும். புதிதாக வரப்போகும் கட்சிக்காரர் எந்தெந்த வழக்கில் இருந்திருக்கிறார், எதிர்த்தரப்பு நிபுணர் சாட்சி முன்பு எங்கே என்ன சொன்னார், இந்த நீதிபதி இப்படிப்பட்ட மனுக்களை எப்படி முடித்திருக்கிறார் என்பது போன்ற தேடல்கள் வரும். இங்கே வேகம் முக்கியம், செலவும் முக்கியம். நூலக அறிவியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மேலாளர் வரை உயர்ந்தவர்கள் நிறைய. சட்டப் பட்டம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை என்பதுதான் பொதுவான நிலை.

மூன்றாவது நீதிமன்றமும் அரசும். மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் வட்டார நூலகங்கள், மாநில உச்ச நீதிமன்ற நூலகங்கள், மாவட்டச் சட்ட நூலகங்கள், அரசுத் துறைகளின் நூலகங்கள், சிறைகளில் இருக்கும் சட்ட நூலகங்கள் எல்லாம் இதில் அடங்கும். மத்திய அரசின் பணி வகைப்பாட்டில் நூலகருக்கு 1410 என்ற எண். அரசு வேலைத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் பணியிடங்கள் வரும். பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

இவை தவிர வெஸ்ட்லா, லெக்ஸிஸ் போன்ற தரவுத்தள நிறுவனங்களிலும் சட்ட நூலகர்களுக்கு வேலை உண்டு: பயிற்சி அளிப்பது, உள்ளடக்கத்தைப் பகுப்பது, பொருளை வடிவமைப்பது.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. ஏ.ஏ.எல்.எல். வேலைவாய்ப்புப் பக்கத்தில் இருக்கும் விளம்பரங்களை ஒரு மாதம் விடாமல் படியுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பட்டம் "கட்டாயம்", எது "விரும்பத்தக்கது" என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு மாத முடிவில் உங்கள் கையில் இருக்கும் பட்டியல் எந்த ஆலோசகர் சொல்வதைவிடவும் நம்பகமானது.

படி 3: பட்டங்கள், அவற்றின் வரிசை

நூலகத் தகவல் அறிவியல் முதுகலை (எம்.எல்.ஐ.எஸ்.) இந்தத் துறையின் அடிப்படைப் பட்டம். அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த படிப்பா என்று பார்த்துத்தான் சேர வேண்டும். வேலை விளம்பரங்கள் அந்த அங்கீகாரத்தைப் பெயர் சொல்லியே கேட்கும். அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து அப்படி 60-க்கும் மேற்பட்ட படிப்புகள் இருக்கின்றன. முழுநேரமாகப் படித்தால் ஒன்றரை முதல் இரண்டு வருடம். பல பல்கலைக்கழகங்கள் முழுக்க இணையவழியிலேயே நடத்துகின்றன, எனவே வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியும். கல்லூரியின் பெயரைவிட, அங்கே சட்ட ஆராய்ச்சிப் பாடம் இருக்கிறதா, பக்கத்தில் பயிற்சி பெறச் சட்ட நூலகம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது மேல்.

சட்டப் பட்டம் (ஜே.டி.) இளங்கலைக்குப் பிறகு மூன்று வருடம். மாலைநேரமாகப் படித்தால் நான்கு. சேர்வதற்கு எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதுவது வழக்கம். சட்ட நூலகர் ஆக வழக்கறிஞர் உரிமத் தேர்வு எழுதியிருக்க வேண்டியதில்லை.

இரண்டையும் எந்த வரிசையில் படிப்பது என்பதில்தான் குழப்பம் வரும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே ஜே.டி. முடித்தவர் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, எம்.எல்.ஐ.எஸ். மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கென்றே சிறப்பு வாய்ப்புகள் உண்டு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகப் படிப்பு பல பத்தாண்டுகளாக நாடு முழுவதற்கும் நூலக இயக்குநர்களை உருவாக்கித் தந்திருக்கிறது. அதை நீண்ட காலம் வழிநடத்திய மரியன் கூல்ட் கல்லகர் அம்மையாரின் பெயர்தான் இன்று அங்குள்ள சட்ட நூலகத்துக்கு. அரிசோனா பல்கலைக்கழகத்தில், சட்டம் முடித்தவர்கள் அங்குள்ள சட்ட நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நூலகப் பட்டமும் பெறும் ஃபெலோஷிப் இருக்கிறது. படிப்பு முடியும்போது கையில் பட்டத்தோடு, ரெஃபரன்ஸ் மேசை அனுபவமும் வகுப்பு எடுத்த அனுபவமும் இருக்கும். முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதற்கு ஈடு வேறில்லை.

இரண்டு பட்டமும் இல்லாதவர், கல்லூரி நூலகம்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறவர் என்றால், கூட்டுப் படிப்பைத் தேடுங்கள். சட்டப் பள்ளியும் நூலகப் பள்ளியும் உள்ள பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் இணைத்து, சில பாடங்களை இரண்டுக்கும் பொதுவாகக் கணக்கிட்டு, ஓராண்டு வரை மிச்சப்படுத்தித் தருகின்றன.

உறுதியாகத் தெரியாதவர்கள் முதலில் எம்.எல்.ஐ.எஸ். முடித்து ஒரு சட்ட நிறுவனத்திலோ நீதிமன்றத்திலோ வேலைக்குச் சேருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் சட்டப் பட்டம் தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தேவை என்றால் அப்புறம் மாலைநேர வகுப்பில் சேரலாம். பல்கலைக்கழக ஊழியர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுக்கும் இடங்களும் உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஜே.டி. படிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அவ்வளவு பணத்தையும் காலத்தையும் ஊகத்தின் பேரில் போடக் கூடாது.

கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2007-ல் வந்த பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தின்படி, அரசிலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, தகுதியுள்ள 120 மாதத் தவணைகளைக் கட்டியவருக்கு மத்திய அரசுக் கல்விக்கடனின் மிச்சம் தள்ளுபடி ஆகும். நீதிமன்ற நூலகமும் அரசுப் பல்கலைக்கழகமும் இதில் வரும், சட்ட நிறுவனம் வராது. சம்பளத்தை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 4: படிப்புக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது

எம்.எல்.ஐ.எஸ். படிப்பில் விருப்பப் பாடங்கள் நிறைய. சட்ட ஆராய்ச்சி, அரசு வெளியீடுகள், ரெஃபரன்ஸ் சேவை, கற்பித்தல் முறை, மேலாண்மை ஆகியவற்றை விடாதீர்கள். மின் தரவுத்தள உரிம ஒப்பந்தம் பற்றிய பாடம் இருந்தால் கட்டாயம் எடுங்கள். நூலகத்தின் பணத்தில் பெரும்பங்கு சந்தாவுக்குத்தான் போகிறது. ஒப்பந்தத்தைப் படித்துப் பேரம் பேசத் தெரிந்தவருக்கு எங்கும் மதிப்பு.

நூற்பட்டியலாக்கத்தைப் பழங்காலச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காங்கிரஸ் நூலகப் பகுப்பு முறையில் சட்டத்துக்குக் "கே" வகுப்பு, அதற்குள் அமெரிக்கச் சட்டத்துக்குக் "கே.எஃப்." என்று இருக்கிறது. அந்த அடுக்கைப் புரிந்துகொண்டவருக்குச் சட்டத்தின் கிளைகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டியிருக்கின்றன என்ற வரைபடம் மனதில் பதிந்துவிடும். நூற்பட்டியலாக்கம் போன்ற பின்னணி வேலைகள் நடக்கும் தொழில்நுட்பச் சேவைப் பிரிவில் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சட்டப் பட்டம் பெரும்பாலும் தேவையில்லை. விண்ணப்பிப்பவர்களும் குறைவு. அமைதியான, ஆழமான வேலை பிடிக்கும் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள்.

சட்டப் படிப்பில் இருப்பவர்கள் உயர்நிலைச் சட்ட ஆராய்ச்சிப் பாடத்தை எடுத்தே ஆக வேண்டும். அதோடு நிர்வாகச் சட்டம், சட்டமியற்றல், பதிப்புரிமை. நூலகர் மேசைக்கு வரும் சிக்கலான கேள்விகள் பெரும்பாலும் அரசுத் துறை விதிமுறைகளையும் சட்டமன்ற விவாதங்களையும் சுற்றித்தான் இருக்கும்.

ஒரு கருவியை மட்டும் ஆழமாகப் பழகுங்கள்: மேற்கோள் சரிபார்ப்பு. ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறதா, பின்னால் வந்த எந்தத் தீர்ப்பாவது அதை ரத்து செய்துவிட்டதா என்று பார்க்க, 1873-ல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒட்டுத்தாள்களாகத் தொடங்கியது இன்று லெக்ஸிஸில் "ஷெப்பர்ட்ஸ்" என்ற பெயரில் இருக்கிறது. வெஸ்ட்லாவில் அதற்கு "கீசைட்" என்று பெயர். தீர்ப்பு செல்லாமல் போயிருக்கலாம் என்று இக்கருவிகள் காட்டும் சிவப்புக் குறி வந்தவுடன் தீர்ப்பைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. தீர்ப்பில் பல சட்டக் கேள்விகள் இருக்கும். ரத்தானது எந்தக் கேள்வி, நமக்கு வேண்டியது எந்தக் கேள்வி என்று உள்ளே போய்ப் படிக்க வேண்டும். நேர்காணலில் இதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கிச் சொல்லத் தெரிந்தவரை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

படி 5: படிக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்

சொல்லப்போனால் இதுதான் வேலை கிடைப்பதையும் கிடைக்காததையும் பிரிக்கும் படி. பட்டம் எல்லோரிடமும் இருக்கும். சட்ட நூலகத்தில் பகுதிநேர வேலை, களப்பயிற்சி, கோடைக்கால இன்டர்ன்ஷிப் என்று எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் புத்தகம் வாங்கி வைக்கும் வேலையாக இருந்தாலும் சரி, ரெஃபரன்ஸ் மேசை காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். அனுபவமுள்ள நூலகர் ஒருவர் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். வந்தவர் "ஒப்பந்தச் சட்டப் புத்தகம் எங்கே?" என்பார். உண்மையில் அவருக்கு வேண்டியது வாடகை முன்பணத்தைத் திரும்பப் பெறும் வழியாக இருக்கும். இரண்டு மூன்று மென்மையான கேள்விகளில் அதை வெளியே கொண்டுவருவதை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது, பார்த்துத்தான் பழக வேண்டும்.

காட்டுவதற்கு இரண்டு பொருள்கள் தயார் செய்யுங்கள். ஒன்று, ஒரு குறுகிய தலைப்பில் நீங்கள் எழுதிய ஆராய்ச்சி வழிகாட்டி. "சுற்றுச்சூழல் சட்டம்" என்று அகலமாக வைக்காமல், "ஒரு மாநிலத்தில் வாடகைதாரர் உரிமைகள்: எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது" என்ற அளவுக்கு வையுங்கள். இன்னொன்று, இருபது நிமிடத்தில் நடத்தக்கூடிய ஒரு வகுப்பு.

ஏ.ஏ.எல்.எல்.-லில் மாணவர் உறுப்பினராகச் சேருங்கள், கட்டணம் குறைவு. நூலகப் பட்டத்துக்கும் சட்டப் பட்டத்துக்கும் அச்சங்கம் கல்வி உதவித்தொகை தருகிறது. சிறுபான்மையினருக்கென ஜார்ஜ் ஸ்ட்ரெயிட் பெயரில் ஓர் உதவித்தொகை உண்டு. சங்கத்துக்குள் கல்லூரி நூலகர்கள், சட்ட நிறுவன நூலகர்கள், அரசு நூலகர்கள் எனத் தனித்தனிப் பிரிவுகளும், வட்டாரக் கிளைகளும் இருக்கின்றன. வட்டாரக் கிளைக் கூட்டங்களுக்குப் போவதுதான் புதியவருக்கு அதிகப் பயன். இது சின்ன உலகம், ஒருவரை ஒருவர் நன்றாக அறிவார்கள். உதவி கேட்டால் மனம் உவந்து செய்வார்கள்.

படி 6: விண்ணப்பமும் நேர்காணலும்

கல்லூரி நூலக நேர்காணல் பொதுவாக ஒரு முழு நாள். தேர்வுக் குழு, இயக்குநர், பேராசிரியர்கள், சில சமயம் மாணவர்கள் என்று தனித்தனியாகச் சந்திப்பார்கள். நடுவில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். வகுப்பில் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பொத்தானையும் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு பிரச்சினையை எடுத்து, முதலில் இரண்டாம்நிலை நூல் (சட்டத்தை விளக்கி எழுதிய நூல்) ஒன்றில் தொடங்கி, அங்கிருந்து சட்டப் பிரிவுக்கும் பிறகு தீர்ப்புகளுக்கும் போய், ஏன் அந்த வரிசையில் போனீர்கள் என்று காரணம் சொல்லுங்கள். கேட்பவர்கள் உங்கள் யோசனை ஓடும் வழியைத்தான் மதிப்பிடுகிறார்கள்.

சட்ட நிறுவன நேர்காணல் குறுகியது. "இந்தத் தகவல் நாளைக் காலைக்குள் வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும், என்ன செய்வீர்கள்?" என்பது போன்ற கேள்விகள் வரும். காசு கட்ட வேண்டிய தரவுத்தளத்துக்குப் போகும் முன் இலவச மூலங்களில் என்ன கிடைக்கும் என்று தெரிந்திருப்பது இங்கே கைகொடுக்கும். 1992-ல் தொடங்கிய கார்னெல் சட்டத் தகவல் நிறுவனத்தின் தளமும், அரசின் அதிகாரபூர்வத் தளங்களும் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

அறிமுகக் கடிதத்தில் அந்தப் பணியிட விளம்பரத்தின் தேவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் அனுபவத்தில் எது அதற்குப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

படி 7: சேர்ந்த பிறகு வளர்வது

கல்லூரியில் வழக்கமான ஏணி: ரெஃபரன்ஸ் நூலகர், பிரிவுத் தலைவர், இணை இயக்குநர், இயக்குநர். சில இடங்களில் நூலகர்களுக்கும் பேராசிரியர்களைப் போல நிரந்தரப் பணி உரிமை உண்டு; அங்கே ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். சில இடங்களில் அது இல்லை, எழுதும் கட்டாயமும் இல்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உயர விரும்புகிறவர்கள் ஊர் மாறத் தயாராக இருக்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு ஓர் இயக்குநர்தான், அந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று காத்திருக்க முடியாது.

சட்ட நிறுவனத்தில் ஆய்வாளர், மேலாளர், பிறகு பல நகர அலுவலகங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பான இயக்குநர். நிதியும் ஆள் நிர்வாகமும் தெரிந்தால் வேகமாக உயரலாம். சம்பளம் எங்கே எவ்வளவு என்று அறிய, ஏ.ஏ.எல்.எல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சம்பளக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நூலக வகை, பதவி வாரியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பேரம் பேசும் முன் கையில் இருக்க வேண்டிய ஆவணம்.

படி 8: செயற்கை நுண்ணறிவும் மறையும் இணைப்புகளும்

2023-ல் நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனு பெரிய செய்தியானது. அதில் மேற்கோள் காட்டப்பட்ட ஆறு தீர்ப்புகள் உலகில் இல்லவே இல்லை. சாட்ஜிபிடி உருவாக்கித் தந்தவை அவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தத் தீர்ப்புகளை யாராவது ஒருவர் ஒரு முறை தரவுத்தளத்தில் தேடிப் பார்த்திருந்தாலே போதும், மனு வெளியே போயிருக்காது.

இந்தத் துறைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த வழக்கைத்தான். புதிய கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது, எதை எந்த வேலைக்கு நம்பலாம் என்று எழுதி வைப்பது, மாணவருக்கும் வழக்கறிஞருக்கும் சரிபார்க்கும் பழக்கத்தைப் பதிய வைப்பது ஆகிய பொறுப்புகள் இப்போது சட்ட நூலகர்களிடம்தான் வந்து சேர்கின்றன. வேலை விளம்பரங்களிலும் இது தெரிகிறது. எனவே பயந்து ஒதுங்காமல் அந்தக் கருவிகளைத் தினமும் பயன்படுத்துங்கள், அவை எங்கே தடுமாறுகின்றன என்று குறித்து வையுங்கள்.

அதே அளவு முக்கியமான, ஆனால் யாரும் பேசாத இன்னொரு வேலை பாதுகாத்தல். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சொல்லப்பட்ட இணைய இணைப்புகளில் பாதியளவு, முதலில் சுட்டிய தகவலுக்கு இட்டுச் செல்லவில்லை என்று தெரிந்தது. தீர்ப்பு ஆதாரமாகக் காட்டிய பக்கமே மறைந்துபோனால் தீர்ப்பை எப்படிச் சரிபார்ப்பது? ஹார்வர்டு சட்ட நூலகத்தின் புத்தாக்கக் கூடம் உருவாக்கிய பெர்மா என்ற சேவை அப்பக்கங்களை நிலையாகச் சேமித்து வைக்கிறது. அதே நூலகம் தன் அலமாரிகளில் இருந்த தீர்ப்புத் தொகுதிகளைக் கிட்டத்தட்ட 4 கோடிப் பக்கங்கள் வருடி எடுத்து, பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. மக்களை ஆளும் சட்டம் மக்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற நூலகர்கள் முன்நின்று செய்த வேலை இது. நிரலாக்கம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

படி 9: மற்ற நாடுகளும், வெளிநாட்டிலிருந்து வருபவர்களும்

பிரிட்டனில் சட்டப் பட்டம் பெரும்பாலும் கேட்பதில்லை. தொழில்முறைச் சங்கம் அங்கீகரித்த நூலகத் தகவல் முதுகலை போதும். படிப்புக்கு முன் ஓராண்டு பயிற்சிப் பணியில் இருப்பது நல்ல வழி. 1969-ல் தொடங்கிய பிரிட்டன், அயர்லாந்து சட்ட நூலகர் சங்கம் சட்ட அடிப்படைகளுக்குத் தனிப் பயிற்சி நடத்துகிறது. கனடாவின் நூலகப் பட்டங்களுக்கு அமெரிக்க நூலகச் சங்க அங்கீகாரமே இருப்பதால் எல்லை தாண்டியும் செல்லும். இந்தியாவில் பல்கலைக்கழக, கல்லூரி நூலகப் பணிகளுக்கு நூலக அறிவியலில் 55 சதவீதத்தோடு முதுகலையும், யு.ஜி.சி. நெட் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதிகள். சட்டக் கல்லூரி நூலகத்துக்கும் சட்டப் பட்டம் அடிப்படைத் தகுதியில் வராது. இருந்தால் உங்களைத் தனியே எடுத்துக் காட்டும்.

வேறு நாட்டில் சட்டம் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எல்.எல்.எம். (சட்டத்தில் முதுகலை) முடித்தால் அது ஜே.டி.க்குச் சமமாகாது. ஆனால் வெளிநாட்டு, ஒப்பீட்டு, சர்வதேசச் சட்டப் பிரிவு நூலகர் பணிகளுக்கு உங்கள் சட்டப் பட்டமும் மொழியறிவும் பெரிய பலம். வேறொரு நாட்டின் சட்ட அமைப்பை உள்ளிருந்து அறிந்தவரை அந்தப் பணிகளுக்குத் தேடுகிறார்கள். சில விளம்பரங்களில் "ஜே.டி. அல்லது அதற்கு இணையான வெளிநாட்டுச் சட்டப் பட்டம்" என்றே இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

விசா விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்கும் சட்ட நிறுவனத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஹெச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தாது, சட்ட நிறுவனங்களுக்குப் பொருந்தும். விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. எனவே படிப்பில் சேரும் முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, படிப்பு முடிந்த பின் எத்தனை மாதம் வேலை அனுமதி கிடைக்கும், அந்தக் குறிப்பிட்ட எம்.எல்.ஐ.எஸ். அறிவியல் தொழில்நுட்பப் படிப்பாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சில பல்கலைக்கழகங்களில் அப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள், பலவற்றில் இல்லை. வகைப்படுத்தப்பட்டிருந்தால் ஓராண்டு அனுமதிக்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். பதிலை மின்னஞ்சலாகவே வாங்கி வைத்துக்கொண்ட பிறகு கட்டணம் கட்டுங்கள்.